கேமும் ஹெட்டும் மாற்றிய 350 தகராறு செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

செவ்ரோலேயின் 350 கன அங்குல வி8 இன்ஜினுக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, ஹெட்டையும் மாற்றிவிட்டுப் பட்டறைக்கு வரும் வண்டிகளின் புகார் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்லோவில் (மிதிக்காமல் ஓடும் ஐடிலில்) நிற்கவில்லை, பிரேக் கட்டையாகிவிட்டது, சிக்னலில் இருந்து கிளப்பினால் இழுக்கவில்லை, மேலே டிக் டிக் என்று சத்தம். வண்டிக்காரர் கேமைத் திட்டுவார். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் கேமின் மீது குற்றமே இருக்காது. டைமிங்கோ, காற்றுக் கசிவோ, டேப்பெட் செட்டிங்கோ (ராக்கர் நட்டின் இறுக்கம்) கெடுத்திருக்கும். மற்றவற்றில் கேமும் ஹெட்டும் கியரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வாங்கப்பட்டிருக்கும். எந்த வண்டி எந்த ரகம் என்று காசு செலவழிக்கும் முன்பே பிரித்துவிடலாம். வரிசை மாறாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் வைத்த, தெருவில் ஓடும் பழைய ஸ்மால் பிளாக் 350க்கு: 4.00 அங்குல போர், 3.48 அங்குல ஸ்ட்ரோக், ஹைட்ராலிக் லிஃப்டர். 305, 327க்கும் பெரும்பகுதி பொருந்தும். பின்னால் வந்த எல்எஸ் இன்ஜின் வேறு ஜாதி, அதற்கு இதை வைத்துப் பார்க்க வேண்டாம். உதாரணத்துக்கு நிறையப் பேர் போடும் ஒரு கேமை எடுத்துக்கொள்கிறேன்: 0.050 அங்குல லிஃப்டில் (லிஃப்டர் அதற்கு மேல் ஏறி நிற்கும் கிராங்க் சுழற்சி) இன்டேக் 224 டிகிரி, எக்ஸாஸ்ட் 230 டிகிரி; வால்வு லிஃப்ட் 0.477, 0.480 அங்குலம், லோப் (கேமின் மேடு) இடைக்கோணம் 110.

கையில் இருக்க வேண்டியவை: வேக்குவம் கேஜ், டைமிங் லைட், கம்ப்ரஷன் கேஜ், டயல் கேஜ், பிஸ்டன் ஸ்டாப். கேம் பெட்டியோடு வந்த அட்டையும் வேண்டும். அது தொலைந்திருந்தால் கேமின் பார்ட் நம்பரை வைத்து அளவைத் தேடி எழுதி வையுங்கள். அளவு தெரியாத கேமுக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

உங்கள் டைமிங் மார்க் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். கிராங்க் முன்னால் இருக்கும் பேலன்சரின் வெளி வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. முப்பது நாற்பது வருட ரப்பர் நழுவியிருக்கும். வளையத்தோடு மார்க்கும் நகர்ந்திருக்கும். பிறகு எத்தனை டிகிரி வைத்தாலும் அது பொய்க் கணக்குதான்.

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு 1ஆம் சிலிண்டர் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை முடுக்குங்கள். பாரில் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்). பழைய மார்க் அதோடு பொருந்தவில்லை என்றால் பேலன்சரை மாற்றுங்கள். நழுவியது இன்னும் நழுவும். புது மார்க் போட்டு ஒப்பேற்றுவது ஒரு நாள் சோதனைக்கு மட்டும்.

அறிகுறி: ஸ்லோவில் நிற்கவில்லை, கியர் போட்டால் ஆஃப் ஆகிறது

224 டிகிரி கேம் ஸ்லோவில் கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். பலர் அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். தாளம் மாறாமல் குலுங்கினால் கேம். எப்போதோ ஒரு முறை விட்டுவிட்டு, தாளம் தப்பிக் குலுங்கினால் கோளாறு.

வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கம்பெனி கேமில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். மேலே சொன்ன கேமில் 12 முதல் 15க்குள் இருந்து, ஊசி லேசாக ஆடினால் பரவாயில்லை. 10க்குக் கீழே போனாலோ, ஊசி ஒரே சீராகக் கீழே விழுந்து விழுந்து எழுந்தாலோ கீழே உள்ளதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் இனிஷியல் டைமிங் (ஸ்லோவில் ஸ்பார்க் டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்பே வருகிறது என்பது), ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. கம்பெனி சொன்ன 4, 6, 8 டிகிரி கம்பெனி கேமுக்கு. இந்தக் கேம் 14 முதல் 16 கேட்கும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 16 வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. எச்இஐ (கம்பெனியின் எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரில், வேகம் ஏற ஏறக் கூடும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் 22, 24 டிகிரி இருந்தால் மொத்தம் 40 ஆகிவிடும். நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டனைத் தின்றுவிடும். பழைய ஹெட்டுக்கு மொத்தம் 34 முதல் 36, பின்னால் வந்த வோர்டெக் ரக ஹெட்டுக்கு 32 முதல் 34 என்பது கணக்கு. அதனால் மெக்கானிக்கல் அட்வான்ஸை 20க்குள் அடக்க வேண்டும். அதற்கான புஷ், ஸ்பிரிங் செட் கடையில் கிடைக்கும். வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு மொத்தத்தை அளக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 50 காட்டுகிறது என்று பதறுபவர்கள் உண்டு.

அடுத்து அதே வேக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே உள்ள துளையில் மாட்டியிருந்தால், த்ராட்டிலுக்குக் கீழே மேனிஃபோல்டு வேக்குவம் வரும் துளைக்கு மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்லோ அங்கேயே அடங்கிவிடும். ஒரு சிக்கல்: சில அட்வான்ஸ் டப்பாக்கள் 15 அங்குலத்துக்கு மேல்தான் முழுதாக இழுக்கும். உங்கள் இன்ஜினில் 13தான் என்றால் டப்பா பாதியில் நின்று படபடக்கும், டைமிங்கும் ஆடும். ஸ்லோ வேக்குவத்துக்கு இரண்டு அங்குலம் கீழேயே முழுதாக இழுத்துவிடும் டப்பாவை வாங்குங்கள்.

மிக்சர் ஸ்குரூவை முழுதும் உள்ளே திருகியும் இன்ஜின் ஆஃப் ஆகவில்லையா? அப்படியானால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. ஹாலி கார்புரேட்டர் என்றால் இரண்டு இடம். ஒன்று, பவர் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். மற்றது அதைவிடச் சாதாரணம்: ஸ்லோவை ஏற்றுவதற்காகப் பிரைமரி த்ராட்டிலை அதிகம் திறந்ததில் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் (பிளேடு ஓரத்துப் பெட்ரோல் துளை) வெளியே தெரிந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பிளேடுக்குக் கீழே அந்தத் துளை சின்னச் சதுரமாகத் தெரிய வேண்டும்; நீளமாகத் தெரிந்தால் பிரைமரியை மூடிவிட்டு, செகண்டரி பக்கத்து ஸ்டாப் ஸ்குரூவை லேசாகத் திறந்து தேவையான காற்றை அந்த வழியாகக் கொடுங்கள்.

காற்றுக் கசிவு. ஹெட் மாற்றிய வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டைச் சந்தேகப்படாமல் விடக் கூடாது. வெளியே தெரியும் பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். ஹெட்டை அரைத்திருந்தால் மேனிஃபோல்டு சரியான கோணத்தில் உட்காராது. மேலே மூடியிருக்கும், லிஃப்டர் பள்ளத்துப் பக்கம் கீழே திறந்திருக்கும். வெளியே எதைத் தெளித்தாலும் இது தெரியாது. பிசிவி வால்வை (கிராங்க் அறைப் புகையை இன்டேக்குக்கு இழுப்பது) கழற்றி அதன் குழாயை அடையுங்கள், பிரீதரையும் அடையுங்கள். ஸ்லோவில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். காற்று வெளியே தள்ளினால் இயல்பு. கையை உள்ளே இழுத்தால் கீழ்க் கசிவு உறுதி. கேஸ்கெட் மாற்ற வேண்டும், முதலில் மேனிஃபோல்டு எப்படி உட்காருகிறது என்று பார்த்துவிட்டு. ஹெட் அதிகம் அரைபட்டிருந்தால் மேனிஃபோல்டையும் அதற்கேற்ப அரைக்கும் வேலை மெஷின் ஷாப்புக்கு.

இத்தனையும் சரியாக இருந்து, ஊசி சீராக விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை. டேப்பெட்டை இறுக்கி வைத்திருப்பார்கள். செட் செய்யும் முறை டிக் டிக் பகுதியில் இருக்கிறது.

கிளை: பிரேக் கட்டையாக இருக்கிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பூஸ்டருக்கு 18 அங்குலம் பழக்கம். 15க்குக் கீழே இரண்டாவது மிதிக்கு உதவி குறையும், பத்து பன்னிரண்டில் காலில் கல்லை மிதிப்பது போல இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லது, வேக்குவம்தான் போதவில்லை. இறங்கவே இல்லை என்றால் செக் வால்வு, குழாய், பூஸ்டர் என்ற வரிசை.

வேக்குவம் 13, 14 இருந்தால் ஒரு சேமிப்பு டப்பா போதும். 10, 11 என்றால் எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப். அதுவும் போதாவிட்டால் பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து அழுத்தம் எடுக்கும் ஹைட்ரோபூஸ்ட். இந்த மூன்றாவதை பிரேக் வேலை தெரிந்தவரிடமே விடுங்கள். செலவைக் கணக்குப் போட்டால் சில வண்டிகளில் 112 இடைக்கோணத்தில் ஒரு சுற்றுச் சின்ன கேம் போடுவது மலிவு. வாங்கும்போதே பவர் பிரேக் இருப்பதைச் சொல்லியிருந்தால் நல்ல கேம் கம்பெனி எதுவும் பெரியதை விற்றிருக்காது.

அறிகுறி: கிளம்பும்போது இழுக்கவில்லை

மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் வேறு வேறு காரணம்.

கிளை: மிதித்ததும் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது

கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் பம்ப். இன்ஜினை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு த்ராட்டிலை அசையுங்கள். அசைந்த அந்தக் கணமே பெட்ரோல் பாய வேண்டும். தாமதித்தால் பம்ப் லிவரில் இடைவெளி. பாய்ந்தும் சாகிறது என்றால் பெரிய நாசில் வைத்துப் பாருங்கள். கேமைத் தொட வேண்டியதில்லை.

கிளை: எல்லா வேகத்திலும் மந்தம்

மொத்த டைமிங்கைப் பாருங்கள். 34க்குப் பதில் 26 இருந்தால் அதுவே பதில். 3,000 ஆர்பிஎம்முக்குள் முழு அட்வான்ஸும் வந்துவிட வேண்டும். த்ராட்டில் கேபிள் முழுதும் திறக்கிறதா என்று ஒருவரை உள்ளே உட்கார்த்தி மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்; கேபிள் குட்டையாகி முக்கால்தான் திறக்கும் வண்டிகள் வரத்தான் செய்கின்றன. எக்ஸாஸ்ட் அடைப்பு அடுத்தது. கடைசியாக, கேம் பின்தங்கி உட்கார்ந்திருக்கலாம். பல சாவிக் காடி உள்ள கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஒவ்வொரு காடிக்கும் ஒவ்வொரு அடையாளம். நேர் காடியில் மாட்டிவிட்டு, பின்தங்கிய காடியின் பல் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் கேம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. டிகிரி சக்கரம் வைத்து இன்டேக் சென்டர்லைனை (இன்டேக் லோபின் உச்சி வரும் டிகிரி) அளந்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டை 106 என்றால் 106. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்கு யாரும் சாகப் போவதில்லை. ஆறு, எட்டு என்றால் முன் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

கிளை: 2,800, 3,000 வரை செத்தது போல, பிறகு பிய்த்துக்கொண்டு போகிறது

பொருத்தம் தப்பியதன் அடையாளம் இதுதான். ஊகிக்க வேண்டாம், கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். பிளக் எல்லாம் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து, பேட்டரி முழு சார்ஜில் ஒவ்வொரு சிலிண்டரையும் அளங்கள்.

எட்டும் 150 முதல் 180 பிஎஸ்ஐக்குள் இருந்தால் கேமுக்கும் கம்ப்ரஷனுக்கும் பிரச்சினை இல்லை. கியரும், ஆட்டோமேட்டிக்கின் கன்வர்ட்டரும்தான் பின்னால் இழுக்கின்றன. எட்டும் ஒரே மாதிரி 120, 130 என்றால் அந்தக் கம்ப்ரஷனுக்குக் கேம் பெரிது, அல்லது கேம் பின்தங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அது வேறு கதை: வால்வு, டேப்பெட், ரிங். அந்தச் சிலிண்டருக்கு லீக் டவுன் சோதனை (காற்று ஏற்றிக் கசிவைப் பார்ப்பது).

ஹெட்டில் எங்கே தப்பியிருக்கும் என்றால், பெரும்பாலும் சேம்பரில் (ஹெட்டில் கலவை எரியும் குழி). எழுபதுகளின் 350களில் 76 சிசி சேம்பர் ஹெட் சாதாரணம். நான்கு வால்வு வெட்டுள்ள தட்டை பிஸ்டன், கேஸ்கெட் 0.040, பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கின் மேல்தளம்) 0.025 கீழே என்று வைத்தால் 76 சிசியில் கம்ப்ரஷன் ரேஷியோ சுமார் 8.6. அதே பிளாக், பிஸ்டனில் 64 சிசி ஹெட் வைத்தால் 9.7 பக்கம் வரும். 12 சிசி ஒரு முழுப் புள்ளி. 8.6 வைத்துக்கொண்டு 224 கேம் போட்டவருக்குத்தான் இந்தப் புகார் வருகிறது. 1996இல் வந்த வோர்டெக் ஹெட், 906, 062 என்று முடியும் காஸ்டிங் எண் உள்ளது, 64 சிசி, 170 சிசி இன்டேக் போர்ட், 1.94, 1.50 அங்குல வால்வு. பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும். தெரு வண்டிக்கு இரும்பில் இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரியவில்லை. எட்டு போல்ட் வோர்டெக் மேனிஃபோல்டும் சேர்த்து வாங்க வேண்டும். பழைய பன்னிரண்டு போல்ட் மேனிஃபோல்டு உட்காராது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பெரியது நல்லது என்று 210, 220 சிசி போர்ட் அலுமினியம் ஹெட். 6,000க்கு மேல் போகாத 350க்கு 170 முதல் 185 போதும், 195 கடைசி எல்லை. அதற்கு மேல் போனால் கீழ் வேகத்தில் காற்று சோம்பிவிடும். இதை டியூனிங்கால் சரி செய்ய முடியாது. ஹெட்டை விற்றுவிடுவதுதான் வழி.

ஹெட் சரி என்றால் செலவு ஏறும் வரிசை இது. கேமை 4 டிகிரி முன்னால் தள்ளுவது: ஒரு மதிய வேலை, கீழ் இழுவை கொஞ்சம் திரும்பும். பின் ஆக்ஸில் கியர் விகிதம் 2.73 அல்லது 3.08 என்றால் 3.55, 3.73: வண்டியின் குணமே மாறும். ஆட்டோமேட்டிக் என்றால் 2,400 ஸ்டால் (அந்த ஆர்பிஎம் வரை வழுக்கிவிட்டுப் பிடிக்கும்) கன்வர்ட்டர். மூன்றுக்கும் மனமில்லை என்றால் கேமைச் சிறிதாக்குங்கள். நான் வைத்திருக்கும் தோராயம்: 8.5 கம்ப்ரஷன், 3.08 ஆக்ஸில், கம்பெனி கன்வர்ட்டர் என்றால் 0.050இல் 204 முதல் 214 டிகிரி. 9.5, 3.42 முதல் 3.73, 2,200 முதல் 2,500 ஸ்டால் என்றால் 218 முதல் 224. 230க்கு மேல் போக 10 கம்ப்ரஷனும் அதற்கேற்ற கியரும் வேண்டும்; போக்குவரத்து நெரிசலில் அதோடு மல்லுக்கட்டுபவர் நீங்கள்தான்.

அறிகுறி: மேலே டிக் டிக்

குளிரில் மட்டும் வந்து, சூடானதும் போய்விடும் டிக் டிக் பெரும்பாலும் வால்வே அல்ல. ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்) கேஸ்கெட் கசிவு. ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொரு போர்ட்டாகக் கேளுங்கள். ஹெட் மாற்றிய வாரத்தில் ஹெடர் போல்ட் இளகும். இறுக்கிவிட்டுப் பாருங்கள்.

அடுத்து வால்வ் கவரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். ரோலர் ராக்கர் (வால்வை அழுத்தும் கை) போட்டவர்களுக்கு வோர்டெக் ஹெட்டின் நடு போல்ட் கவரில் இடம் போதாது. உள்ளே கீறல் தெரிந்தால் உயரமான கவர்.

பிறகு டேப்பெட். வரிசை தப்பாத முறை: ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கைச் செட் செய்யுங்கள், இன்டேக் முழுதும் திறந்து, மூடி முடியும் தறுவாயில் எக்ஸாஸ்டை. புஷ்ராடை (லிஃப்டரிலிருந்து ராக்கருக்கு ஏறும் கம்பி) விரலால் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நட்டை இறக்குங்கள். ஆட்டம் நின்ற இடம் பூஜ்யம். அதிலிருந்து அரைச் சுற்று. 3/8 அங்குல ஸ்டட்டில் அரைச் சுற்று என்பது சுமார் 0.021 அங்குலம். புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்து, சுழலாத வரை இறுக்குவது பழைய பழக்கம். எண்ணெய் நனைந்த புஷ்ராட் இறுகிய பின்பும் சுழலும். ஸ்லோவில் வால்வு மூடாமல் நிற்பதற்கு இதுதான் தாய்.

கிளை: செட் செய்தும் சத்தம் போகவில்லை

இன்ஜினை ஓட்டாமல் இதைப் பாருங்கள். வோர்டெக் ஹெட்டில் ராக்கரின் முனையிலேயே இரண்டு பக்கமும் காது இருக்கும். அதுதான் ராக்கரை வால்வின் மேல் நிறுத்துகிறது. பழைய முறையிலும் பல அலுமினியம் ஹெட்டிலும் ஸ்டட்டுக்கு அடியில் உள்ள கைடு பிளேட் புஷ்ராடைப் பிடிக்கிறது. இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் இறுகித் தேயும், இரண்டும் இல்லை என்றால் ராக்கர் வால்விலிருந்து நழுவிவிடும். கைடு பிளேட் இருந்தால் கடினப்படுத்திய புஷ்ராட் அவசியம். சாதாரண புஷ்ராடை அது அரம் போல அறுத்து, தூளை ஆயிலில் கலக்கும்.

பிறகு புஷ்ராட் நீளம். ஹெட் அரைத்ததும், கேஸ்கெட் மாறியதும், லிஃப்டர் மாறியதும் நீளத்தை மாற்றும். ஃபிளாட் லிஃப்டருக்கு 7.8 அங்குலம், கம்பெனி ஹைட்ராலிக் ரோலருக்கு 7.2 என்பது தொடக்கம்தான். வால்வு முனையில் மார்க்கரால் கறுப்படித்து, ராக்கரை மாட்டி இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். தேய்ந்த தடம் நடுவில், ஒல்லியாக இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் அளவெடுக்கும் புஷ்ராட் வாங்கி நீளம் கண்டுபிடியுங்கள்.

கிளை: ஒரே டேப்பெட் திரும்பத் திரும்பத் தளர்கிறது

நட்டு தளரவில்லை. லோப் தேய்கிறது. ஃபிளாட் லிஃப்டர் கேமில் இந்த ஒன்றுக்குத்தான் நான் பயப்படுவேன். அந்த ராக்கரைக் கழற்றி, புஷ்ராட் முனையில் டயல் கேஜை நிறுத்தி, கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். வால்வு லிஃப்டை ராக்கர் ரேஷியோவால் வகுத்தால் லோப் லிஃப்ட்: 0.477ஐ 1.5ஆல் வகுத்தால் 0.318. மற்ற இன்டேக்குகள் 0.318 காட்டி, இது 0.300 காட்டினால் கேம் முடிந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள், மினுமினுப்பு தெரியும்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். புதுக் கேமை மட்டும் மாற்றி ஓட்ட நினைப்பவர்கள் அந்தத் தூளால் பேரிங்கையும் இழக்கிறார்கள். இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கழுவ வேண்டும், இன்ஜின் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுத்த கேமுக்கு: முதல் ஸ்டார்ட்டிலேயே ஸ்லோவில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 முதல் 30 நிமிடம், துத்தநாகம் கலந்த பிரேக் இன் ஆயில், இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு. இப்போது கடையில் வரும் கார் ஆயில்களில் பழைய அளவு துத்தநாகம் இல்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஹைட்ராலிக் ரோலர் கேமுக்குப் போய்விடுங்கள். இந்தத் தலைவலியே இல்லை.

அறிகுறி: மிதித்தால் நாக்கிங்

முதலில் 87 ஆக்டேன் ஊற்றியிருந்தால் 91 அல்லது 93. அடுத்து மொத்த டைமிங். இரண்டு டிகிரி குறைத்துப் பாருங்கள். வோர்டெக் ஹெட்டுக்கு மாறியவர் பழைய 36ஐ அப்படியே வைத்திருப்பார். அது அவ்வளவு கேட்காது. இன்ஜின் சூடு, பிளக்கின் சூட்டு எண், பெட்ரோல் குறைவான கலவை மூன்றையும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் கம்ப்ரஷன் கேஜ். 190க்கு மேல் காட்டினால் கம்ப்ரஷனுக்குக் கேம் சிறிது. 64 சிசி ஹெட்டை மேடு பிஸ்டன் மேல் வைத்தவர்களுக்கு இது நடக்கும். இரும்பு ஹெட்டில் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு 9.5 சுமார் எல்லை. அலுமினியத்தில் 10, 10.5 வரை தாங்கும். தடிமன் கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை: பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் 0.040 இருக்க வேண்டிய இடைவெளி 0.070 ஆனால் எண் குறையும், நாக்கிங் அதே இடத்தில் நிற்கும். சேம்பர் பெரிய ஹெட்டோ, சற்றுப் பெரிய கேமோதான் நேர்வழி. நாக்கிங்கோடு ஹைவேயில் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: 5,000க்கு மேல் ஏற மறுக்கிறது

இக்னிஷனா, பெட்ரோலா, ஸ்பிரிங்கா என்று இந்த வரிசையில் பாருங்கள். பிளக் இடைவெளியை 0.035க்குக் குறைத்து ஓட்டினால் வித்தியாசம் தெரிகிறதா? பழைய எச்இஐ காயிலும் மாட்யூலும் மேல் வேகத்தில் தளர்பவை. பெட்ரோல் அழுத்தத்தை ஓட்டத்தில், முழு மிதியில் பார்க்க வேண்டும். ஸ்லோவில் 6 பிஎஸ்ஐ காட்டுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கிலேயே புதுக் கேமை ஓட்டுபவர்கள் நிறைய. மூடிய நிலையில் ஃபிளாட் லிஃப்டர் கேமுக்கு 110 பவுண்டு பக்கம், ஹைட்ராலிக் ரோலருக்கு 130 பக்கம் வேண்டும். கேம் கம்பெனி எந்த ஸ்பிரிங் சொல்கிறதோ அதையே போடுங்கள், அது சொல்லும் உயரத்திலேயே உட்கார வையுங்கள். வோர்டெக் ஹெட்டை அப்படியே போட்டால் 0.460 அங்குல லிஃப்டைத் தாண்டும்போது ரீட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) கைடு சீலில் முட்டத் தொடங்கும். மேலே சொன்ன 0.477 கேம் அந்த எல்லைக்கு வெளியே. கைடை வெட்டி இடம் உண்டாக்குவது மெஷின் ஷாப் வேலை. முழு லிஃப்டில் ரீட்டெய்னருக்கும் சீலுக்கும் 0.060, ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 0.060 மிச்சம் வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100. களிமண் வைத்து அளக்காமல் மூடிய இன்ஜினை 6,000 ஏற்றச் சொல்ல மாட்டேன்.

பழைய ஹெட்டில் ராக்கர் ஸ்டட் அடித்து இறக்கியது. கனத்த ஸ்பிரிங் அதை மெல்ல மேலே இழுத்துவிடும். ஸ்டட் உச்சிகளின் மேல் நேர்ப்பட்டை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் மரை போட்ட ஸ்டட்டுக்கு மாற வேண்டும். அதுவும் மெஷின் ஷாப்புக்குத்தான்.

அறிகுறி: கட்டி முடித்ததும் ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது

இரண்டு ஸ்ப்ராக்கெட் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கும்போது கம்ப்ரஷனில் இருப்பது 6ஆம் சிலிண்டர், 1ஆம் சிலிண்டர் அல்ல. அந்த நிலையிலேயே ரோட்டரை 1க்கு வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியிருப்பார்கள். 1ஆம் பிளக் துளையில் விரலை வைத்து, காற்று தள்ளும்போது டிடிசிக்குக் கொண்டுவந்து ரோட்டரை மறுபடி வையுங்கள். ஒயர் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5ம் 7ம் இடம் மாறியிருந்தால் ஸ்டார்ட் ஆகும், ஆனால் குலுங்கும். புதுக் கேமின் முதல் ஸ்டார்ட்டில் இப்படி நிமிடக்கணக்கில் சுற்றினால் லோபில் பூசிய கிரீஸ் போய்விடும். இரண்டு முறை முயன்று எடுக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுக் கண்டுபிடியுங்கள்.

அறிகுறி: நீலப் புகை, அல்லது ஆயிலில் தண்ணீர்

கால் எடுத்து இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை என்றால் வால்வு சீல். ஹெட்டைக் கழற்றாமலே பிளக் துளை வழியே காற்று ஏற்றி மாற்றலாம். ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும் ஆயிலில் நனைகிறது என்றால் முன்னே சொன்ன மேனிஃபோல்டின் கீழ்க் கசிவு. உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள்.

ஆயில் பால் மாதிரி ஆனால் உடனே நிறுத்துங்கள். ஸ்மால் பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன. மரையில் சீலன்ட் போடாமல் முடுக்கினால் போல்ட் வழியே தண்ணீர் ஏறி வரும். ரேடியேட்டருக்கு 15 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றி, வால்வ் கவர் திறந்து போல்ட் தலைகளைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அந்தப் போல்ட்டை மட்டும் எடுத்து, துடைத்து, சீலன்ட் போட்டு 65 அடி பவுண்டில் முடுக்கலாம். தெரியவில்லை என்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் நான்கு மூலைத் தண்ணீர் வழி. அதற்கடுத்து ஹெட் கேஸ்கெட்.

இத்தனைக்கும் பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் ஹெட் வெடித்திருக்கலாம். எழுபதுகளின் மெல்லிய ஹெட்டில், குறிப்பாக 882 காஸ்டிங்கில், இது பிரசித்தம். ஒருமுறை சூடேறிய வோர்டெக்கிலும் வால்வு சீட்டு ஓரத்தில் விரிசல் வரும். கழற்றி மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோனால் முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அது தேறிய பிறகு சீட்டு, கைடு, அரைக்கும் வேலை பற்றிப் பேசலாம். பழைய ஹெட் வாங்கும்போதும் அதே நிபந்தனையோடு முன்பணம் கொடுங்கள்.